கருகிய தாமரை

பெங்களூர் பீன்யாவில் எங்கள் பட்டறை. போன வாரம் பூஜையறைக் கதவுக்கு கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினில் தேக்குத் தாமரை செதுக்கும்போது இதழ் ஓரமெல்லாம் கருகிப்போனது. சுழன்று மரத்தைச் சீவும் முனையான பிட் மழுங்கிவிட்டது என்று புதிதாக ஒன்றை மாட்டினேன். அதுவும் கருக்கியது.

"பிட்டைத் திட்டாதீங்கண்ணா, காலெட்டைக் கழட்டிப் பாருங்க" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் உலோக வளையம்தான் காலெட். கழற்றினால், உள்ளே பிசினோடு மரத்தூள் அப்பிக் கிடந்தது. அப்படியிருந்தால் பிட் நேராக உட்காராது. சுற்றும்போது ஆடும், ஒரு பல்லின் தலையிலேயே வேலையெல்லாம் விழும். பித்தளை பிரஷால் தேய்த்துத் துடைத்தேன். எண்ணெய் போடவில்லை, போட்டால் பிட் நழுவும்.

இன்னொரு தப்பு என்னுடையது. இதழ் பெயர்ந்துவிடுமோ என்ற பயத்தில் பிட் நகரும் வேகத்தைப் பாதியாக்கியிருந்தேன். நிமிடத்துக்கு 18,000 சுற்றில் இரண்டு பல் பிட் அதே நிமிடத்தில் 3,600 மில்லிமீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு பல்லும் 0.1 மில்லிமீட்டர் சீவும். மெதுவாக ஓட்டினால் சீவாது, உரசும், உரசினால் சூடு. தேக்கில் சிலிக்கா வேறு இருக்கிறது, பிட்டின் கடினமான கார்பைடு முனையையே தேய்த்துவிடும்.

செதிலாக விழ வேண்டியது மாவாக விழுந்தபோதே சுதாரித்திருக்க வேண்டும். அன்றைக்கு மெட்ரோவில் இடிபட்டு வந்த எரிச்சல், கவனிக்கவில்லை. கருகிய பலகையில் இப்போது டீ கிளாஸ் வைக்கிறோம்.