அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்

பொதுச் சட்டம் கற்பிக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, உயில் எழுத எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். எனக்கு உயில் எழுதத் தெரியாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பெயர் மாற்றுவது, விவாகரத்து, போக்குவரத்து அபராதம் எதிலும் நான் உதவாக்கரை. அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலுள்ள சட்டம்தான் என் பிழைப்பு. குடும்ப விருந்துகளில் அது விலைபோகாத சரக்கு. தை பிறந்தால் மட்டும் என் மதிப்பு ஏறிவிடும். "ஏம்மா, சமயச் சுதந்திரம் சட்டத்துலேயே இருக்குன்னு சொல்றே, அப்புறம் ஏன் தைப்பூச ஊர்வலத்துல உறுமி அடிக்க விட மாட்டேங்குறாங்க?" என்று சித்தப்பா தொடங்கி சிங்கப்பூர் தேக்காவில் பூக்கட்டும் அக்கா வரை கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் போய்த்தான் என் ஆய்வுக்காலத்தில் பெரும்பகுதி கரைந்தது.

புத்தகத்தில் இருக்கும் பதில் சின்னது. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தம் சமயத்தை ஏற்கவும் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் தொடர்பான பொதுவான சட்டங்களை மீற அந்த உரிமையைக் காரணம் காட்ட முடியாது என்கிறது. மலேசிய அரசமைப்பின் 11ஆம் பிரிவுதான் இதற்கு முன்மாதிரி. ஆனால் முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த அங்கே இடம் உண்டு. இங்கே அந்த வாசகம் இல்லை. 1966இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் ஓர் அரசமைப்பு ஆணையம் உட்கார்ந்து, புதிதாகப் பிறந்த நாட்டில் சிறுபான்மையினரின் உரிமைகளை எப்படிக் காப்பது என்று ஆராய்ந்தது. இளம் விரிவுரையாளராக இருந்த காலத்தில் இந்த ஒப்பீட்டை வைத்தே ஒரு வகுப்பை முழுதாக ஓட்டிவிடுவேன். எந்தச் சொல் இருக்கிறது, எந்தச் சொல் விடுபட்டது என்று துருவுவதில் ஒரு சுகம் உண்டு. சட்டம் படித்தவர்களுக்கு மட்டுமே வரும் நோய் அது.

அந்தச் சுகத்தைக் கலைத்தவர் ஒரு மாணவர். சீனக் கிறிஸ்துவர், வகுப்பில் அதிகம் பேசாதவர். தைப்பூசத்தில் இசைக்கருவிகளுக்கு இருந்த தடையைப் பற்றி நான் கொஞ்சம் சூடாகவே பேசி முடித்ததும் கை தூக்கினார். "ப்ராஃப், புனித வெள்ளிக்கு எங்கள் தேவாலயம் சாலையில் ஊர்வலம் கேட்டால் கிடைக்குமா?" அநேகமாகக் கிடைக்காது என்றேன். "அப்படியானால் உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?"

நியாயமான கேள்வி. 1964 ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது வெடித்த கலவரத்துக்குப் பிறகு, இங்கே சமய ஊர்வலங்கள் கால்நடையாகப் போவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. விலக்கு கிடைத்தவை தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி. மூன்றும் இந்துக்களுடையவை. ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது 1973இல். குழுக்களுக்கிடையே சண்டை மூண்டு ஊர்வலம் குலைந்ததுதான் அதற்கு அதிகாரிகள் சொன்ன காரணம். 'எங்களுக்கு மட்டும் மேளம் இல்லை' என்ற பேச்சைக் கேட்டு நான் வளர்ந்தேன். 'அவர்களுக்கு மட்டும் ஊர்வலம் உண்டு' என்ற பேச்சைக் கேட்டு அவர் வளர்ந்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் பேசப்பட்டது ஒரே சாலையைப் பற்றி.

சிங்க நடனத்துக்கு மட்டும் மேளம் அடிக்கலாமா என்று இன்னொரு மாணவி கேட்டார், தமிழ்ப்பெண். அது சமய நிகழ்ச்சி அல்ல, சமூக நிகழ்ச்சி என்பது அரசாங்கத்தின் பதில். சமயம் எது, சமூகம் எது என்று பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பாதிச் சுதந்திரம் இருக்கிறது. அன்றைக்கு வகுப்பு நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் 2015இல் அந்தத் தடை உயர் நீதிமன்றத்துக்கே போனது. விஜயகுமார் வழக்கு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். சமத்துவம், சமயச் சுதந்திரம் என்று எல்லா வாதங்களும் வைக்கப்பட்டன. நீதிமன்றம் ஏற்கவில்லை, முழு விசாரணைக்குப் போகவே அனுமதி கிடைக்கவில்லை. சரி, கதை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த தைப்பூசத்தில், 2016இல், ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லாத ஒன்று. வழக்கில் தோற்ற விஷயத்தில் ஒரு பங்கு, இந்து அறக்கட்டளை வாரியமும் அதிகாரிகளும் பேசிய பேச்சில் கிடைத்துவிட்டது. தீர்ப்பை வகுப்பில் வரிவரியாகப் படிக்கிறோம். மேசையைச் சுற்றி நடந்த பேச்சைப் படிக்கக் கையில் ஒரு தாளும் இல்லை.

அதிலிருந்துதான் என் பாடம் மாறியது. கற்பனையான ஒரு கோயிலின் ஊர்வல விண்ணப்பத்தை மாணவர்களிடம் கொடுத்து, நீங்கள்தான் உரிமம் வழங்கும் அதிகாரி, கடிதம் எழுதுங்கள் என்பேன். மாதிரிக் கடிதம் நான் தயாரித்தது: முதல் பக்கத்தில் 'அனுமதி அளிக்கப்படுகிறது' என்ற ஒற்றை வரி, இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகளுக்காக வெற்றிடம். முந்தின வாரம் சமயச் சுதந்திரத்துக்காகத் தொண்டை வறளப் பேசியவர்கள், பேனா கையில் வந்ததும் மூன்றாம் பக்கம் கேட்பார்கள். இத்தனை மணிக்குள் கடைசிக் காவடி கிளம்ப வேண்டும், இடது தடத்தை விட்டு விலகக்கூடாது, ஒவ்வொரு சந்திப்பிலும் தொண்டர்கள் நிற்க வேண்டும், ஒலிபெருக்கி கூடாது, கூட வரும் உறவினர்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று நீண்டுகொண்டே போகும். கட்டாயத் தேசிய சேவையைக் காவல்துறையில் முடித்துவிட்டு வந்த பையன்கள் இதில் படுகெட்டிக்காரர்கள்.

எழுதி முடித்ததும்தான் பரீட்சை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். 'பொது ஒழுங்கு' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. எந்தச் சந்திப்பில், எத்தனை மணிக்கு, யாருக்கு, என்ன ஆகும்? போட்ட நிபந்தனைகளில் பாதிக்கு அவர்களால் காரணம் எழுத முடியாது. மீதிப் பாதிக்கு எழுதுவார்கள், அந்தக் காரணங்கள் நன்றாகவே இருக்கும். ஆம்புலன்ஸ் போக ஒரு தடம் வேண்டும் என்று எழுதிய மாணவியிடம் எந்தச் சமய உரிமையைச் சொல்லி நான் வாதாடுவது? கொள்கை வகுப்பில் எல்லாரும் போராளிகள், கடித வகுப்பில் எல்லாரும் அதிகாரிகள். இரண்டையும் ஒரே ஆள் செய்து பார்த்தால்தான் பொதுச் சட்டம் கொஞ்சம் பிடிபடுகிறது.

பேசித் தீர்க்கும் இந்த வழியைப் பார்த்து வெளிநாட்டு நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் மெச்சுவார்கள். அரசு மருத்துவமனைத் தாதியர் முக்காடு அணியலாம் என்ற முடிவு 2021 நவம்பரில் நடப்புக்கு வந்ததும் நீதிமன்றத்தால் அல்ல, பல ஆண்டுப் பேச்சால். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது. சமயத் தலைவர்களின் வாயைக் கட்டும் தடையாணைக்கு அதில் இடம் உண்டு. 2019இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட வரையில் ஒரு தடையாணைகூடப் பிறப்பிக்கப்படவில்லை. அமைச்சு கூப்பிட்டுப் பேசினாலே போதுமானதாக இருந்தது. ஒரு வழக்குகூட இல்லாத சட்டத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதுவது எவ்வளவு பெரிய தொல்லை என்பது எழுதியவர்களுக்குத்தான் தெரியும். 'சுவையாக இருக்கிறது, வழக்குகள் எங்கே?' என்ற குறிப்போடு திரும்பி வந்த கட்டுரைகள் என் மேசை இழுப்பறையில் உண்டு.

ஆனால் பேச்சுக்கு மேசை வேண்டும், மேசையில் நாற்காலி வேண்டும். இந்துக்களுக்கு அறக்கட்டளை வாரியம் இருக்கிறது. முஸ்லிம்களுக்கு முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் இருக்கிறது. இரண்டும் 1968இல் சட்டத்தின் வழி வந்த அமைப்புகள். யெகோவாவின் சாட்சிகளுக்கு? தேசிய சேவையை ஏற்காததால் 1972இல் அவர்களுடைய சங்கத்தின் பதிவு ரத்தானது, வெளியீடுகளுக்கும் தடை வந்தது. 1994இல் காலின் சான் வழக்கில் தலைமை நீதிபதி யோங் பங் ஹாவ் அந்தத் தடை செல்லும் என்றார். நாட்டின் இறைமைக்கும் ஒற்றுமைக்கும் எதிராகப் போகும் சமய நம்பிக்கை கட்டுப்படுத்தப்பட வேண்டியதே என்பது தீர்ப்பின் சாரம்.

அதைவிட என்னை அதிகம் உறுத்துவது நப்பள்ளி பீட்டர் வில்லியம்ஸ் வழக்கு. அவரும் யெகோவாவின் சாட்சி, தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஆசிரியர். உறுதிமொழி எடுக்கவும் தேசிய கீதம் பாடவும் சமய காரணத்தால் மறுத்தார், வேலை போயிற்று. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உறுதிமொழியையும் கீதத்தையும் சமயச் சடங்காக அவர் எண்ணுவது சமய நம்பிக்கையே ஆகாது, சமயம் என்பது கடவுள் ஒருவர்மேல் ஒரு மனிதர் வைக்கும் நம்பிக்கை என்றது. இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திரையில் போடுவேன். இந்நாட்டில் பௌத்தர்கள் 31.1 விழுக்காடு, மற்ற எந்தச் சமயத்தாரையும் விட அதிகம். படைத்தவர் ஒருவரை வைத்துத் தொடங்காத சமயம் அது. நம் சித்தர் மரபை அந்த வரையறைக்குள் அடைக்கப் பார்த்தாலும் கை கால் வெளியே நீட்டிக்கொள்ளும்.

கூடவே கேரளத்தின் பிஜோ இம்மானுவேல் வழக்கையும் கொடுப்பேன். அதே சமயத்தைச் சேர்ந்த மூன்று பள்ளிப் பிள்ளைகள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் இல்லை. பள்ளியை விட்டு நீக்கப்பட்டவர்களை 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அது. பிள்ளைகளின் நம்பிக்கை தமக்கு விசித்திரமாகப் படுகிறதா என்பதல்ல, அவர்கள் அதை மனதார நம்புகிறார்களா என்பதே அவருக்குக் கேள்வி. வளர்ந்தவர், அரசு ஊழியர், ஆசிரியர் என்ற வேறுபாடுகள் சிங்கப்பூர் வழக்கில் உண்டு என்று மாணவர்கள் வாதாடுவார்கள். வாதாடட்டும். எனக்குப் படுவது இதுதான்: வாரியமோ மன்றமோ இல்லாத ஒற்றை ஆளுக்குப் போக்கிடம் 15ஆம் பிரிவு மட்டும்தான். அவர் வந்து நின்றபோதுதான் அந்தப் பிரிவு மிகவும் குறுகிப் போயிருந்தது.

மனித உரிமைப் பாடத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய உடன்படிக்கைகளில் சிங்கப்பூர் 1995இல் சேர்ந்தது, உடற்குறையுள்ளோர் உடன்படிக்கையை 2013இல் ஏற்றது, இனப்பாகுபாட்டுக்கு எதிரானதை 2017இல். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் சேரவில்லை. நாடாளுமன்றம் சட்டமாக்கும் வரை எந்த உடன்படிக்கையும் உள்ளூர் நீதிமன்றத்தில் நேரடியாகக் கைகொடுக்காது. பாதி வகுப்பு இந்த இடத்தில் கைப்பேசியைப் பார்க்கும். ஈப்போவின் இந்திரா காந்தி கதையைச் சொன்னால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள். பாலர்பள்ளி ஆசிரியை, தமிழ்த்தாய். தனக்குத் தெரியாமல் கணவர் பிள்ளைகளை மதம் மாற்றியதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் படியேறி, 2018இல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்.

இந்தத் துறையில் தமிழராக இருப்பதில் ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. தைப்பூசம் பற்றி நான் பேசினால் 'உங்கள் ஆட்கள் அல்லவா' என்பார்கள். அதே ஆட்களில் ஒரு பகுதியினர், 1930களின் சீர்திருத்த இயக்கத்தார், காவடிக்கும் தீமிதிக்கும் எதிராகத் தமிழிலேயே பேசியவர்கள் என்பதை நினைவூட்டுவேன். அவர்களுடைய நம்பிக்கையின்மைக்கும் சட்டத்தில் இடம் வேண்டும். என் அம்மா பால்குடம் எடுத்தவர், தாத்தா கோயில் வாசல் மிதிக்காதவர். இருவருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வாக்கியம் எழுதுவது எத்தனை கடினம் என்பதைச் சட்டக்கல்லூரிக்கு வருமுன்பே பார்த்துவிட்டேன்.

ஊர் சின்னது என்பது இன்னொன்று. ஒரு தீர்ப்பைக் குறை சொல்லிக் கட்டுரை எழுதினால், தீர்ப்பை எழுதிய நீதிபதி பட்டமளிப்பு விருந்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பார், நலம் விசாரிப்பார். குறை சொல்வதை அதனால் விட்டுவிட முடியுமா? அடைமொழிகளைக் குறைத்துக்கொண்டேன். கட்டுரைகள் அதனால் மேம்பட்டன என்றே நினைக்கிறேன்.

இப்போது என்னிடம் ஆய்வு செய்யும் ஒரு மாணவி தீர்ப்புகளைத் தொடவே இல்லை. அனுமதிக் கடிதங்கள், வாரிய அறிக்கைகள், பழைய செய்தித்தாள்கள் என்று தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடிக்கொண்டிருக்கிறார். தீர்ப்பு இல்லாமல் சட்ட ஆய்வா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நானே அந்த மேசையில் இருந்ததால் கேள்வி அதற்குமேல் வளரவில்லை. மாணவியின் சிக்கல் வேறு. கிடைத்த அனுமதிக்குக் கடிதம் இருக்கிறது, மறுக்கப்பட்டதற்கும் சில வேளை இருக்கிறது. எப்படியும் கிடைக்காது என்று விண்ணப்பமே போடாதவர்களை எந்தக் கோப்பில் தேடுவது என்று போன வாரம் கேட்டார். தேக்காவிலும் டேங்க் ரோட்டிலும் மேளம் வாசித்த பெரியவர்களிடம் முதலில் பேசச் சொல்லியிருக்கிறேன். ஒலிப்பதிவுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.