சொடக்கு எடுப்பதற்கு முன்னால்

பெங்களூரு அல்சூரில் பிசியோதெரபிஸ்டாக இருந்தால் எல்லா வகை இடுப்பு வலியும் தேடி வரும். நாற்காலியே கதி என்று கிடக்கும் ஒயிட்ஃபீல்டு ஐடி பையன்கள், சில்க் போர்டு நெரிசலில் கிளட்சை மிதித்தே ஓய்ந்துபோன கேப் ஓட்டுநர்கள், கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தருமபுரிக்காரர்கள். முன்பெல்லாம் "வாயுப் பிடிப்பு மேடம், காலுக்கு இழுக்குது" என்பார்கள். இப்போது போனை நீட்டி ஒரு ரீல்ஸைக் காட்டி, "இதே மாதிரி சொடக்கு எடுத்துவிடுங்க" என்கிறார்கள். எங்கள் கிளினிக்குக் கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்திச் சொடக்கு எடுக்கும் வைத்தியம், படித்த ஒருவரும் வருகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சத்தத்தின் மேல்தான் எல்லோருக்கும் நம்பிக்கை. விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாவதால் வருவது அது. விரலில் சொடக்கு எடுத்தாலும் அதே கதைதான். ரீல்ஸில் மைக் வேறு வைத்திருக்கிறார்கள்.

காலுக்கு இழுக்கும் அந்த வலியில் மாட்டுவது சியாட்டிக் நரம்பு, உடம்பிலேயே தடித்த நரம்பு. கீழ் முதுகிலிருந்து வரும் ஐந்து வேர்கள் சேர்ந்து உருவாகி, பிட்டம் வழியாகத் தொடையின் பின்பக்கம் இறங்கிப் பாதம் வரை கிளை விடுகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி ஒரு வேரை அழுத்தினால், கோளாறு இடுப்பில் இருக்கும், வலி கெண்டைக்காலில் இருக்கும். இதை மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் அறுவை சிகிச்சைகளின் மூலம் தெளிவாக எழுதியது 1934இல். டேனியல் டேவிட் பால்மர் கைரோபிராக்டிக்கைத் தொடங்கியதோ 1895இல். வைத்தியம் முந்திக்கொண்டது, காரணம் பின்னால் வந்தது.

என் வேலை மேஜையில் படுக்கவைப்பதில் தொடங்குகிறது. முட்டி மடங்காமல் குதிகாலைப் பிடித்து மெதுவாகத் தூக்குவேன். என் கண் காலில் இருக்காது, முகத்தில் இருக்கும். தொடைக்குப் பின்னால் மட்டும் இழுத்தால் பெரும்பாலும் தசை இறுக்கம். 30 டிகிரியைத் தாண்டியதும் முட்டிக்குக் கீழே சுரீரென்று இறங்கினால், காலைக் கொஞ்சம் தாழ்த்திப் பாதத்தை மட்டும் அவர் பக்கமாக மடக்குவேன். மறுபடி சுரீர் என்றால் நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். அப்புறம் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி நான் கீழே அழுத்துவேன். குதிகாலால் நடக்கச் சொல்வேன், நுனிக்காலால் நடக்கச் சொல்வேன். எல்லாம் காலில் பலம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

கடைசியில் ஒரு கேள்வி. "உட்காருற இடம் மரத்துப் போகுதாண்ணா? ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிரமம்?" ஆண்கள் சுவரைப் பார்ப்பார்கள். கூட வந்த மனைவிதான் பதில் சொல்வார். ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடே நிரந்தரமாகப் போய்விடலாம்.

ஓசூரிலிருந்து வந்த ஓர் அக்கா சிரித்துக்கொண்டே, "நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் கழண்டு விழுது மேடம், வயசாயிடுச்சு போல" என்றார். கட்டைவிரலை அழுத்தினேன், எதிர்ப்பே இல்லை. எங்கள் கைரோபிராக்டரும் பார்த்துவிட்டு, "இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்று முதுகெலும்பு அறுவை நிபுணருக்குக் கடிதம் எழுதினார். "ஒரு சொடக்குல சரியாயிடும்னு சொன்னாங்களே" என்று அந்த அக்காவுக்குக் கோபம். கையை எடுக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அந்த மனுஷன்மேல் எனக்கு மரியாதை.

பலவீனம் எதுவும் இல்லாமல் வலி மட்டும் இருப்பவர்களில் சிலருக்கு அவர் கை பட்டதும் இடுப்பு இலகுவாகிறது, உண்மைதான். ஆனால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தரச் சொல்கிறது. இன்னொன்று, பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி சில வாரங்களில் தானாகவே குறையும். பிதுங்கிய ஜவ்வு பலருக்குச் சுருங்கியும் விடும். ஆறாவது வாரம் யார் கை வைத்தாரோ அவருக்குப் பேர்.

எம்ஆர்ஐ அறிக்கையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கல் தெரியும். சரி, படத்துக்கு வைத்தியம் பார்க்க முடியுமா?

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், காலைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் முதல் நாளே மொத்த சிட்டிங்குக்கும் முன்பணம் வாங்குவார்கள். இப்போது யாராவது பேக்கேஜ் விலை கேட்டால், முதலில் மேஜையில் படுக்கச் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் செய்யும் பயிற்சியும், படுத்தே கிடக்காமல் நடமாடச் சொல்வதும் போதுமாக இருக்கிறது. அதில் கிளினிக்குக்குப் பெரிய வருமானம் கிடையாது.