பசுமை உந்துபொருள் ப்ராஜெக்ட்: வைவாவுக்குமுன் தெளிவாக வேண்டியவை

சிறு செயற்கைக்கோள்களுக்கான பசுமை உந்துபொருளை (நச்சு மிகுந்த ஹைட்ரசினுக்கு மாற்று) இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுப்பவர்கள் பலர், ஸ்பெசிஃபிக் இம்பல்ஸை, அதாவது உந்துபொருள் எவ்வளவு திறமையாகத் தள்ளும் என்ற அளவை, ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஹைட்ரசினுக்குச் சுமார் 220 விநாடி, அமெரிக்காவின் பசுமை உந்துபொருளான அசென்டுக்குச் சுமார் 230. "பத்து விநாடிக்காகவா இவ்வளவு பாடு?" என்று தேர்வாளர் கேட்டால் திணற வேண்டியதுதான். விடை அடர்த்தியில் இருக்கிறது.

கையாலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். செயற்கைக்கோளின் வெற்று எடை 10 கிலோ, தொட்டி 1 லிட்டர். ஹைட்ரசின் 1 கிலோ பிடிக்கும், 9.81 × 220 × (11/10-இன் இயல் மடக்கை) = நொடிக்கு 206 மீட்டர் டெல்டா-வி (கோள் பெறக்கூடிய மொத்த வேக மாற்றம்). அதே தொட்டியில் அசென்ட் 1.47 கிலோ பிடிக்கும், டெல்டா-வி 309. ஸ்வீடனின் பசுமை உந்துபொருளான எல்எம்பி-103எஸ், 1.24 கிலோவுக்கு 264 தரும். சிறு செயற்கைக்கோளில் எடையைவிட இடத்துக்குத்தான் தட்டுப்பாடு. அதனால் இந்த ஒரு கணக்கே ப்ராஜெக்டின் உயிர்நாடி.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சேர்த்தே படியுங்கள். ஹைட்ரசின் த்ரஸ்டரின் (சிறு உந்துபொறி) வினையறையில் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அசென்ட், எல்எம்பி-103எஸ் இரண்டிலும் 1600-ஐ எட்டும், தாண்டவும் செய்யும். அந்தச் சூட்டிலும் நீராவியிலும் அலுமினா மேல் பூசிய இரிடியம் வினையூக்கி சீக்கிரம் சீரழியும். வினையூக்கியை 300 டிகிரிக்கு மேல் முன்சூடாக்கவும் வேண்டும். 10 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் 5 வாட்-மணி. மின்சாரக் கணக்கில் இதை விட்டுவிட்டால் வைவாவில் கட்டாயம் மாட்டுவீர்கள்.

வேதிச் சமநிலையைக் கணக்கிடும் நாசாவின் சிஇஏ மென்பொருளில் ஒரு கண்ணி உண்டு. ஹைட்ரசினைச் சமநிலைக் கணக்கில் போட்டால் அதிலிருந்து உண்டாகும் அம்மோனியா ஏறக்குறைய முழுக்கச் சிதைந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு, வினையறை வெப்பத்தை 600 டிகிரி அளவுக்கு இறக்கிக் காட்டும். உண்மையில் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் சிதையும். அந்தச் சிதைவு வெப்பத்தை உறிஞ்சுவது என்பதால் நிஜ வினையறை அதைவிடச் சூடாக இருக்கும். சிதைவு விகிதத்தை நீங்களே நிர்ணயித்துத் திருத்துங்கள்.

'பாதுகாப்பானது' என்பதை ஆபத்தே இல்லாதது என்று எழுதிவிடாதீர்கள். ஆவியின் நச்சு குறைவு, அவ்வளவுதான். அசென்டின் அடிப்படையான ஹைட்ராக்சிலமோனியம் நைட்ரேட், இரும்பு அயனி கலந்தால் தானே சிதையத் தொடங்கும். 1997 மே மாதம் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில், இதே சேர்மமும் நைட்ரிக் அமிலமும் இருந்த தொட்டியில் தண்ணீர் ஆவியாகிச் செறிவு கூடியதால் வெடிப்பு நேர்ந்தது. கல்லூரி ஆய்வகத்தில் இதைத் தயாரிக்க முயலவே கூடாது. திரவ ஓட்டச் சோதனைக்குப் பாகுநிலை பொருந்தும்படி கலந்த தண்ணீர்-கிளிசரின் போதும்.

அந்தச் சோதனையில் வடிகட்டிக்குத் தனி இடம் கொடுங்கள். 2022 டிசம்பரில் ஏவிய நாசாவின் லூனார் ஃப்ளாஷ்லைட் என்ற சிறு விண்கலத்தில் அசென்ட் த்ரஸ்டர்களின் விசை குறைந்து, கலம் திட்டமிட்ட நிலவுச் சுற்றுப்பாதையை எட்டவில்லை. முப்பரிமாண அச்சில் செய்த எரிபொருள் பாதையில் துகள் அடைத்திருக்கலாம் என்பதே குழுவின் கணிப்பு. உங்கள் வரைபடத்திலும் வால்வுக்கு முன் வடிகட்டி எங்கே, துளை எத்தனை மைக்ரான், பாதையை எப்படிக் கழுவப் போகிறீர்கள் என்று குறித்துக்கொண்டு போங்கள்.