ஊட்டியில் டிஜிட் ஸ்பேன்: எண்களை எந்த மொழியில் சொல்வது?

காக்னிட்டிவ் சைக்காலஜி பிராக்டிகலில் அவசரமாக முடிக்கப்படுவது டிஜிட் ஸ்பேன்தான். எண்களை வாசிக்கிறோம், சப்ஜெக்ட் (சோதனைக்கு உட்படுகிறவர்) திரும்பச் சொல்கிறார், எத்தனை வரை தாங்கினார் என்று குறிக்கிறோம். அந்த எண்ணிக்கைதான் ஸ்பேன். ரெக்கார்டில் “மில்லர், 1956, ஏழு கூட்டல் கழித்தல் இரண்டு” என்று, அதாவது ஐந்து முதல் ஒன்பது வரை நினைவில் நிற்கும் என்ற உளவியலாளரின் கணக்கை, எழுதி மூடிவிடுகிறோம். நீலகிரியில் இப்படி மூட முடியாது. ஒரே பெஞ்சில் வீட்டில் படுகு பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் இருப்பார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். எந்த மொழியில் எண் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஸ்பேனே மாறலாம்.

உளவியலாளர் பேட்லியும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் காட்டியது இது: ஏறக்குறைய 2 விநாடியில் வாயால் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் வரிசை மாறாமல் நினைவில் நிற்கிறது. 1980-இல் எல்லிஸும் ஹென்னலியும் வெல்ஷ் (வேல்ஸ் நாட்டு மொழி), ஆங்கிலம் இரண்டும் தெரிந்தவர்களைச் சோதித்தார்கள். வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடித்தது, அந்த மொழியில் ஸ்பேனும் குறைந்தது. நம் எண்களைப் பாருங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என எல்லாமே இரண்டு சிலபிள். ஒம்பது மட்டும் மூன்று. ஆங்கிலத்தில் செவனைத் தவிர மற்றவை ஒற்றை சிலபிள். (“சிக்ஸு”, “எய்ட்டு” என்று உகரம் சேர்த்துச் சொன்னால் அந்தச் சலுகை போய்விடும். சப்ஜெக்ட் எப்படி உச்சரிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.)

பட்டியல் தயாரிப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 1 முதல் 9 வரை, ஒரு வரிசைக்குள் எந்த எண்ணும் திரும்ப வரக்கூடாது, 4-5, 8-7 போன்ற அடுத்தடுத்த ஜோடியும் கூடாது. இந்த ஜோடி விதியை மறந்தால் உள்ளூர் ஆபத்து ஒன்றும் உண்டு. 643 வந்தால் அது இங்கே மூன்று எண் அல்ல, பின்கோடின் தொடக்கம். 423 என்றால் எஸ்டிடி கோடு, 43 என்றால் வண்டி நம்பர். இரண்டு மூன்று இடத்தைச் சப்ஜெக்ட் ஒரே துண்டாக விழுங்கிவிடுவார், ஸ்பேன் பொய்யாக ஏறும். கொடைக்கானலில் செய்கிறவர்கள், ஜோடி விதியில் சிக்காத 624-ஐயும் 57-ஐயும் தனியாகத் தவிர்க்க வேண்டும்.

3 எண்ணில் தொடங்கி 9 வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வரிசை, மொழிக்கு ஒரு தனித் தொகுப்பு. விநாடிக்கு ஒரு எண், ஒரே குரல். நேரில் வாசித்தால் நம்மை அறியாமல் மூன்று மூன்றாகப் பிரிப்போம், கடைசி எண்ணில் குரல் இறங்கும். போனில் மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் டிக் டிக் என ஒலிப்பது) வைத்து முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. “இரண்டு, நான்கு, ஐந்து” என்று செய்தி வாசிக்க வேண்டாம், பேச்சு வடிவமே போதும். படுகு பட்டியலை அதைத் தாய்மொழியாகப் பேசும் வகுப்புத் தோழரே பதிவு செய்யட்டும். எண்களை அட்டையில் எழுதிக் காட்டினால் சப்ஜெக்ட் மனசுக்குள் எந்த மொழியில் படிக்கிறார் என்பது நம் கையில் இல்லை. ஒரே நீளத்தில் இரண்டு வரிசையும் தவறினால் நிறுத்துங்கள். எண்கள் சரியாக இருந்து வரிசை மாறினாலும் தவறுதான். பாதிப் பேருக்குத் தமிழ் முதலில், மீதிப் பேருக்கு ஆங்கிலம் முதலில்.

பிறகு பலரும் விட்டுவிடும் பகுதி. கலைத்துப்போட்ட 40 எண்களை முடிந்த வேகத்தில் உரக்கப் படிக்கச் சொல்லி, மொழிவாரியாக ஸ்டாப்வாட்சில் அளக்க வேண்டும். 12 விநாடி ஆனால் ஒரு எண்ணுக்கு 0.3, 2 விநாடியை அதால் வகுத்தால் 6.7. கிடைத்த ஸ்பேன் இதற்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு மொழிக்கும் வித்தியாசமே வராமலும் போகலாம். முக்கியக் காரணம், தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் மனசுக்குள் ஓட்டுவது. போன் நம்பரை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிய தலைமுறைக்கு அது இயல்பு. சப்ஜெக்ட் தன் மனசில் நடந்ததைச் சொல்ல, நாம் சடங்காக எழுதும் இன்ட்ரோஸ்பெக்டிவ் ரிப்போர்ட் இங்கேதான் உதவும்: “எந்த மொழியில் சொல்லிப் பார்த்தீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள். நேரம் இருந்தால், எண்களைக் கேட்கும்போதே “த, த, த” என்று முணுமுணுக்கச் சொல்லி இன்னொரு சுற்று வைக்கலாம். வெல்ஷ் ஆய்வில் இப்படி வாயைக் கட்டியதும் மொழி வித்தியாசம் மறைந்தது.

மழைக்காலத்தில் தகரக் கூரைச் சத்தத்துக்குப் பயந்து தேதியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சீரான இரைச்சல் வரிசை நினைவை அதிகம் கெடுப்பதில்லை, எண் காதில் விழாமல் போவதுதான் சிக்கல், இயர்போன் போதும். பக்கத்து அறையில் யாராவது பாடம் நடத்தினால்தான் வேறு இடம் தேட வேண்டும். கேட்க நினைக்காவிட்டாலும் பேச்சுச் சத்தம் நினைவுக்குள் புகுந்துவிடும்.

ஒரே சப்ஜெக்டை வைத்து மொழி ஒப்பீடு எழுதாதீர்கள். வகுப்பு முழுவதன் தாள்களையும் சேர்த்து, ஒவ்வொருவரின் ஆங்கில ஸ்பேனிலிருந்து தமிழ் ஸ்பேனைக் கழித்து பெயர்டு டி-டெஸ்ட் (ஒரே ஆளின் இரண்டு அளவுகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போடுங்கள். படுகுத் தாள்களும் போதுமான அளவு இருந்தால் அதே கணக்கைத் தனியாக. மூன்றே பேர் என்றால் மதிப்பெண்களை மட்டும் அட்டவணையில் காட்டினால் போதும்.