அணைந்திருந்த விளக்கு

கோவை சரவணம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அமெரிக்கச் சாலைகளில் எடுத்த படங்கள் வரும். கார், ஆள், சைக்கிள் என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பாக்ஸ் போட்டு லேபிள் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாத கார்கள் அதைப் பார்த்துத்தான் பழகும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

நான் மாட்டிக்கொண்டது ஸ்கூல் பஸ்ஸில். அங்கே மஞ்சள் பஸ் நின்றதும் சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னும். ஓட்டுநர் பக்கத்திலிருந்து ‘ஸ்டாப்’ பலகை நீளும். நடுவில் தடுப்பு இல்லாத சாலையென்றால் எதிரே வருகிற வண்டியும் நின்றாக வேண்டும். டெக்சாஸில் நிற்காமல் போனால் 500 டாலரில் தொடங்குகிறது அபராதம். நம் ஊரில் வேன் ஆயா கையை நீட்டிக்கொண்டே பிள்ளைகளைக் கூட்டிப் போவார்; பைக்காரர் அதற்குள் புகுந்து போய்விடுவார். அந்தப் பழக்கத்தில் எனக்கு நின்ற பஸ் வெறும் பஸ்தான்.

ஒருநாள் என் வேலை முழுக்க ரீவொர்க்குக்குத் திரும்பி வந்தது. அடுத்தடுத்து எடுத்த படங்களில், மின்னுகிற விளக்கு ஒரு ஃபிரேமில் எரியும், அடுத்ததில் அணைந்திருக்கும். அணைந்த ஃபிரேமுக்கெல்லாம் ‘ஆஃப்’ என்று போட்டிருந்தேன். கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே போட்டேன் என்றேன்.

“ஒத்தப் படத்தப் பாத்து முடிவு பண்ணாத கண்ணு, முன்னயும் பின்னயும் ஓட்டிப் பாரு” என்றார் டீம் லீட் அக்கா.

வேலையை விட்ட பிறகு, 2025-இல் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத கார்கள் பற்றிய செய்தி வந்தது. ஆஸ்டினில் மட்டும் அந்தக் கல்வியாண்டில், நின்றிருந்த பள்ளிப் பேருந்துகளை அவை தாண்டியதாகக் குறைந்தது 19 புகார்கள். டிசம்பரில், மென்பொருள் கோளாறுக்காக 3,000-க்கும் மேற்பட்ட கார்களுக்கு ரீகால் அறிவிக்க வேண்டியதாயிற்று.

அட்லாண்டாவில் ஒரு வேமோ கார் செய்ததுதான் என்னை விடவில்லை. கார் பஸ்ஸின் பக்கவாட்டில் வந்து முதலில் நின்றிருக்கிறது. அப்புறம் மெல்ல நகர்ந்து, பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றிப் போய்விட்டது. அந்தக் கோணத்தில் பலகையும் விளக்கும் தெரியவில்லை என்றது நிறுவனம். பிள்ளைகள் பம்பரை ஒட்டி நடக்காதபடி முன்னால் நீளும் கம்பி மட்டும் குறுக்கே நின்றது. எங்கள் லேபிள் பட்டியலில் அந்தக் கம்பிக்குப் பெயரே இருந்ததில்லை.