ஸ்காபரோவில் கொடிகாமம் ஸ்டேசன்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஃபர்னஸ் இருக்கிற தடுப்புக்குப் பின்னால்தான் கொழும்பு. அங்கிருந்து புறப்படும் யாழ்தேவி ரயில், தடுப்பில் நான் வெட்டிய ஓட்டையால் வெளியே வந்து, ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடந்து, பனங்கூடலைச் சுற்றி வளைந்து எங்கள் ஊர் கொடிகாமத்தில் வந்து நிற்கும். முழுத்தூரமும் 24 அடி. ஐந்து வருடமாக இந்தக் குட்டி ரயில் பாதையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பேஸ்மென்ட் என்றாலே ஒருகாலத்தில் எனக்கு நெஞ்சு இறுகும். 1997 மார்கழியில் கனடா வந்து இறங்கினேன். முதல் ஆறு வருடமும் மற்றவர்களின் பேஸ்மென்ட்களில்தான் வாடகைக்கு இருந்தேன். கையை உயர்த்தினால் கூரை முட்டும். நிலமட்டத்தில் ஒரு சின்ன யன்னல், பனி கொட்டினால் அதுவும் மூடிப்போகும். ஊரில் நிலத்துக்குக் கீழே இறங்குவதென்றால் அது பங்கருக்குள் இறங்குவதுதான். எங்கள் வளவில் வெட்டிய பங்கருக்கு மேலே தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கே போட்டு, சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை வைத்திருந்தோம். 1990 ஆனியோடு ரயில் நின்றுபோக, பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. சண்டை பிடித்தவர்கள் காவலரணுக்கு எடுத்தார்கள், சனம் உயிரைக் காக்க எடுத்தது. ஸ்காபரோவில் முதல் இரவு மெத்தையில் மல்லாந்து கிடந்தபோது என் கண் கூரையில் தண்டவாளத்தைத்தான் தேடியது.

அந்த நாட்களில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. அதே மெஷினில் என்னோடு நின்றவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு கனடியர். அதிகம் பேசமாட்டார். ஒரு நத்தாருக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாடு முடிய, "கீழே வா, ஒன்று காட்டுகிறேன்" என்று படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய பேஸ்மென்ட் முழுக்க ஒரு ஊர். வடக்கு ஒன்ராறியோவில் அவர் பிறந்த ஊர். மரம் அரியும் ஆலை, உறைந்த ஆறு, பனி மூடிய சின்ன ஸ்டேசன், அதற்குள்ளால் மெல்ல ஊர்ந்து போகும் ஒரு சரக்கு ரயில். அந்த ஸ்டேசனை எப்போதோ இடித்துவிட்டார்களாம். நிலத்துக்குக் கீழே உள்ள ஒரு அறை இப்படியும் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

உங்கள் ஊருக்கு ரயில் போனதா என்று கேட்டார். போனது, பெரிய டீசல் எஞ்சின், அல்பேர்ட்டா என்று பெயர் என்றேன். அவர் அலுமாரியில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அது லண்டனில் செய்தது." நான் இங்கிலாந்து என்று நினைத்தேன். அவர் சொன்னது ஒன்ராறியோ மாகாணத்து லண்டனை. 401 நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டு மணித்தியாலம்.

கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குக் கொடுத்த எஞ்சின்கள் அவை. எம்2 என்று அங்கே வகைப்படுத்தினார்கள். 1954 இல் முதலாவது தொகுதி வந்தது. 12 சிலிண்டர், 1425 குதிரைவலு. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா என்று கனடிய மாகாணங்களின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். 2004 சுனாமியில் பெரேலியாவில் அலை அள்ளிய ரயிலை இழுத்து வந்தது மனிடோபா. அதைத் திருத்தித் திரும்பவும் ஓடவிட்டார்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 இல். சின்ன வயதில் கொடிகாமம் பிளாட்போமில் அப்பாவின் கையைப் பிடித்தபடி நான் எழுத்துக்கூட்டி வாசித்த சொல், நான் குடியேறப்போகிற நாட்டின் ஒரு மாகாணம் என்று அப்போது யாருக்குத் தெரியும். லண்டன் தொழிற்சாலை 1950 இல் திறந்து 2012 இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே காரை நிறுத்திப் பார்த்தேன். நீளமான கட்டடம், வெறும் கார் நிறுத்துமிடம், அவ்வளவுதான். அம்மா கண்ணாடியை இறக்கி, "இங்க இருந்தோ அந்தப் பெரிய சாமான் அங்க வந்தது?" என்று கேட்டார். பிறகு வீடு வந்து சேரும்வரை ஒன்றும் பேசவில்லை.

சொந்த வீடு வாங்கியது 2011 இல், அம்மா வந்து சேர்ந்தது அடுத்த வருடம். ஆனால் வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக்கூடம், இரண்டு வேலை என்று பேஸ்மென்டில் வெறும் பெட்டிகள்தான் கிடந்தன. 2020 இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோதுதான் பெட்டிகளை ஒதுக்கி, பைன் சட்டத்தில் மேசை அடித்து, அதன்மேல் வீடுகளுக்குக் குளிர்காப்பாகப் போடும் இரண்டங்குல இளஞ்சிவப்பு நுரைப் பலகையை ஒட்டினேன். கத்தியால் வெட்டலாம், வயல் பள்ளமும் வாய்க்காலும் அரத்தால் தேய்த்தே எடுக்கலாம். இந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. அதற்கு மேல் கார்க் பட்டி, அதற்கு மேல் தண்டவாளம்.

இங்கே மாதிரி ரயில் கடைகளில் கூடுதலாகக் கிடைப்பது எச்ஓ (HO) அளவு. உண்மையான ரயிலில் 87 இல் ஒரு பங்கு, தண்டவாளம் இரண்டுக்கும் இடையே 16.5 மி.மீ. நான் சந்தோசமாக ஆறு துண்டு வாங்கி வந்து பூட்டினேன். அம்மா தேத்தண்ணியோடு படியிறங்கி வந்து நின்று பார்த்தார். "என்ன தம்பி, கோச்சி ஒடுங்கிக் கிடக்கு? எங்கட கோச்சிப் பாதை இதைவிட அகலமெல்லோ?" ஊரில் அம்மாவின் வயதுக்காரருக்கு ரயில் என்றால் கோச்சிதான்.

அம்மா அளவுகோல் தொட்டதில்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி. கனடாவில் தண்டவாள இடைவெளி 1435 மி.மீ., இலங்கையில் 1676. கிட்டத்தட்ட கால் மீட்டர் வித்தியாசம். எச்ஓ அளவில் சரியாகச் செய்வதென்றால் 19.3 மி.மீ. வேண்டும். அதற்குத் தண்டவாளத்தை நானே ஒவ்வொரு கட்டையாக ஒட்டி, எல்லாச் சில்லையும் அச்சில் இருந்து கழற்றி அகட்ட வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கணக்கை மறுபக்கமாகப் போட்டேன். 1676 ஐ 16.5 ஆல் வகுத்தால் 101.6. அப்படியென்றால் தண்டவாளம் அப்படியே இருக்கட்டும், ஊரைச் சின்னதாக்கலாம். கொடிகாமம் முழுவதையும் 1:100 இல் கட்டுவது என்று முடிவெடுத்தேன். ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர், கணக்கும் சுகம். வீடு, மரம், மனிதர், பெட்டி எல்லாம் எப்படியும் நான் கையால் செய்யவேண்டியவைதானே. அதுவரை செய்த மூன்று வீடுகள் வீணாகின, அதைப்பற்றிக் கவலையில்லை.

எஞ்சினின் அடிப்பாகத்தைத் தந்தது அந்தப் பழைய நண்பர்தான். மோட்டர் நல்லது, சில்லு தேய்ந்தது. உண்மையான அல்பேர்ட்டாவுக்கு ஆறு அச்சு, இதற்கு நாலு. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, ஒருநாள் மாற்றுவேன். உடலை அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். பக்கத்துக் காற்றுத்துவாரங்களின் கோடுகளைக் கத்தியின் பின்முனையால் கீறியெடுக்கவே ஒரு பனிக்காலம் போனது.

மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. கொடிகாமம் இருக்கிற தென்மராட்சியின் மண் வெண்மணல். 2017 இல் மகனோடு ஊருக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தில் இருந்து கொடிகாமம்வரை புதுப் பாதையில் ரயிலில் வந்தோம். 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியிருந்தது. சிலிப்பர் எல்லாம் இப்போது கொங்கிரீட். ஸ்டேசன் அருகே குனிந்து ஒரு பிடி மண் அள்ளினேன், பிறகு போட்டுவிட்டேன். வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் கனடாவுக்குள் கொண்டுவர முடியாது. நிறம் ஒப்பிடக் கையில் பரப்பிப் படம் மட்டும் எடுத்தேன். இங்கே பிள்ளைகள் விளையாடும் மணலை வாங்கி மா அரிதட்டில் மூன்றுதரம் அரித்து, அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சாயம் கலந்தேன். ஆனையிறவு உப்புக் குவியலுக்கு மகன் சமையலறை உப்பையே கொண்டு வந்தான். உப்பு ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்று தடுத்து, சுண்ணச்சாந்துப் பொடியைக் குவித்தோம். ஏரித் தண்ணீர் வேறொன்றுமில்லை, சாம்பல்பச்சை வர்ணத்தின் மேல் எட்டுத்தரம் பூசிய வார்னிஷ்.

ஆனால் நேரம் எல்லாம் போனது பனைக்கு. மாதிரிக் கடைகளில் பைன் இருக்கிறது, மேப்பிள் இருக்கிறது, பனை என்று விற்பதெல்லாம் தென்னையோலை போலக் கிழிந்த ஓலையோடு இருக்கிறது. பனையோலை விசிறி. அதை விட்டால் அது யாழ்ப்பாணம் இல்லை. 20 சென்டிமீட்டர் மூங்கில் குச்சிக்கு அடியில் பசையும் மரத்தூளும் குழைத்துப் பூசிப் பருப்பித்தேன். மெல்லிய காகிதத்தின் இரண்டு பக்கமும் பச்சை பூசி, 13 மி.மீ. வட்டம் வெட்டி, ஒரு பக்கத்தில் ஆப்பு போல ஒரு துண்டை எடுத்துவிட்டு, இடுக்கியால் மடிப்பு மடிப்பாக மடித்து, மடிப்புகளுக்கு இடையே நுனியைக் கீறி, மயிர் போன்ற கம்பியில் ஒட்டவேண்டும். ஒரு ஓலைக்கு நாலு நிமிடம். ஒரு மரத்துக்கு 30 ஓலை. அப்படியென்றால் ஒரு பனை இரண்டு மணித்தியாலம், முதுகு நோவு தனி.

முதல் பனையைப் பிளாட்போம் ஓரத்தில் நட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. காவோலை எங்க தம்பி?"

எனக்கு வாயே திறக்கவில்லை. காவோலை இல்லாத பனை எங்கே இருக்கிறது? பச்சைக் கொண்டைக்குக் கீழே காய்ந்து தொங்கும் அந்த மண்ணிற ஓலைகள், காற்றடித்தால் சரசரவென்று ஒன்றோடொன்று உரசும். இரவில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து அம்மாவை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். கொண்டையைச் செய்தபோது அது எப்படி மறந்தது? அன்றிரவே கீழ்வரிசை ஓலைகளைப் பிடுங்கி, மண்ணிறம் பூசி, தலைகீழாகத் தொங்கவிட்டேன். மரம் உடனே ஊர்மரம் ஆகிவிட்டது. அடுத்த நாள் அம்மா அடியில் கருக்குமட்டை கிடக்க வேணும் என்றார். அதற்கடுத்த நாள், "வடலி ஒண்டையும் காணேல்லை" என்றார்.

2023 மாசியில் பெரிய இடைஞ்சல் ஒன்று வந்தது. ரயில் ஆனையிறவுப் பாலத்தில் ஏறும் இடத்தில் ஒவ்வொருமுறையும் தடம்புரண்டது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் நேராகப் போட்ட தண்டவாளம் பாம்பு போல நெளிந்திருந்தது. பனிக்காலத்தில் ஃபர்னஸ் இரவும் பகலும் எரிந்து காற்றைக் காயவைக்கும். மேசையின் மரச்சட்டம் ஈரத்தை இழந்து சுருங்கும், தண்டவாளம் சுருங்காது. நான் கோடையில், காற்று ஈரமாக இருந்தபோது, எல்லா மூட்டையும் இடைவெளியே விடாமல் பற்றவைத்திருந்தேன். போக இடமில்லாமல் தண்டவாளம் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. எட்டு இடத்தில் வெட்டி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி மின்கம்பி கொடுத்தேன். கோடைக்கு ஈரமிழுக்கும் மெஷின் ஒன்றும் வாங்கி வைத்தேன். இங்கே பேஸ்மென்டில் பாதை போட நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், மரத்தை ஒரு முழுக் கோடையும் ஒரு முழுப் பனிக்காலமும் அந்த அறையிலேயே கிடக்கவிட்டுப் பிறகு தண்டவாளத்தில் கைவையுங்கள்.

ஸ்டேசனுக்கு வெளியே பருத்தித்துறைத் தட்டிவான் நிற்கிறது. மரப் பக்கங்கள், சங்கிலியில் தொங்கும் பின்தட்டு, அதில் கடகமும் வாழைக்குலையும். கடகத்தைப் பின்னியது மனைவி, தையல் நூலில். சத்தம் பிறகு வந்தது. எம்2 க்குள் இருந்த அதே குடும்பத்து மோட்டரின் சத்தம் வட அமெரிக்க எஞ்சின்களுக்காகப் பதிவாகியிருக்கிறது. அந்தச் சத்தம் உள்ள மின்சில்லை எஞ்சினுக்குள் பொருத்தி முதல்முறை ஓடவிட்டபோது மேலே சமையலறையில் நின்ற அம்மா, "பளை தாண்டியாச்சுப் போல" என்று சொன்னது கீழே கேட்டது.

இப்போது ஓலை வெட்டுவது அம்மாவின் வேலை. பின்னேரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து வெட்டி, ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டு வைக்கிறார். நடும்போது கீழே இறங்கி வந்து, எந்த மரம் யாருடைய வளவில் நின்றது என்று சொல்கிறார். போன கிழமை இருபத்தொன்பதாவது பனையை நட எடுத்தேன்.

"இது கிளாக்கர் வீட்டுப் பனை. இது நேர நிக்காது, கோச்சிப் பக்கம் சரிஞ்சு நிக்கும்."

கேத்திலைக் கொதிக்கவைத்து, மூங்கில் குச்சியை ஆவியில் பிடித்து மெல்ல வளைத்துக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.