டோக்கன் அட்வான்ஸ் கேட்டால், பணம் போகும் வழியைப் பாருங்கள்

ஆன்லைனில் பழைய பொருள் விற்பவர், பொருளைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே முன்பணம் கேட்கிறார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மோசடிக்காரருக்கு அந்த முன்பணம்தான் முழு வியாபாரமே. பொருள் அவரிடம் இருக்கவே வேண்டியதில்லை.

கணக்கு எளிது. விலையில் பத்தில் ஒரு பங்கை டோக்கனாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே விளம்பரத்தைக் காட்டி இருபது பேரிடம் வாங்கினால், பொருளின் விலையைப் போல இரண்டு மடங்கு கைக்கு வந்துவிடும். தொகை சிறியது என்பதால் கொடுப்பவருக்குக் கை தயங்காது. போன பிறகும் "இதற்காகப் புகார், அலைச்சல் எல்லாம் வேண்டுமா" என்று பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். அதனால்தான் முழுத் தொகையைக் கேட்காமல் டோக்கன் கேட்கிறார்கள்.

விலையிலும் இதே நிதானம் இருக்கும். பாதி விலை என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆகவே சந்தை விலையை விடக் கொஞ்சம் குறைத்து, கூடவே ஒரு காரணமும் சொல்வார்கள்: வெளியூருக்கு மாற்றல், ராணுவத்தில் வேலை, வீடு காலி செய்கிறோம், அப்பாவின் பொருள், அவர் இப்போது இல்லை. காரணம் உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் "இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள், முதலில் அட்வான்ஸ் போடுபவருக்கே" என்ற அவசரமும், "நேரில் வர முடியாது, கூரியரில் அனுப்புகிறேன்" என்ற மறுப்பும் சேர்ந்து வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

டோக்கன் போட்ட மறுநாள் அடுத்த கட்டம் ஆரம்பிக்கும். கூரியர் கட்டணம், இன்ஷூரன்ஸ், "பொருள் வந்ததும் திரும்பக் கிடைக்கும்" என்று ஒரு டெபாசிட். ஒவ்வொன்றும் ஏற்கெனவே கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்ற பயத்தைப் பிடித்துக்கொண்டு வரும். இரண்டாவது முறை பணம் கேட்டாலே அது மோசடிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் முடிந்த பிறகு புதிதாக முளைக்கும் கட்டணம் நேர்மையான விற்பனையில் கிட்டத்தட்ட கிடையாது.

பணம் திரும்பி வருமா?

விற்பவர் நல்லவரா என்று எடை போடுவதை விட, அனுப்பும் பணத்தைத் திரும்ப இழுக்க யாருக்காவது அதிகாரம் உண்டா என்று பார்ப்பதே பயன் தரும். பேச்சை வைத்து ஆளைக் கணிப்பது கடினம். பணம் போகும் வழியைச் சோதிப்பது எளிது.

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பும் பணம் நொடிகளில் போய்ச் சேரும். நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பியதால் வங்கி அதைத் தானாக ரத்து செய்யாது. எதிர் வங்கியிடம் கேட்டுப் பார்க்கும், அதற்குள் பணம் வேறு கணக்குக்குப் போயிருக்கும். கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வரவில்லை என்று கார்டு வழங்கிய வங்கியில் ஆட்சேபம் எழுப்ப வழி இருக்கிறது. பேபாலில் இரண்டு விதம் உண்டு: பொருளுக்கும் சேவைக்கும் கட்டும் முறையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு உண்டு, நண்பர்கள் குடும்பத்தினருக்கு அனுப்பும் முறையில் இல்லை. "கமிஷன் மிச்சமாகும், நண்பர் என்று போட்டு அனுப்புங்கள்" என்பவர் அந்தப் பாதுகாப்பைத்தான் கழற்றச் சொல்கிறார். கிஃப்ட் கார்டு எண், கிரிப்டோ, வெஸ்டர்ன் யூனியன் போன்ற பணப் பரிமாற்றம் என்று கேட்டால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

விற்பனைத் தளமே பணத்தைப் பிடித்து வைத்து, பொருள் வந்தது என்று நீங்கள் உறுதி செய்த பிறகு விற்பவருக்குக் கொடுக்கும் வசதி இருந்தால் அதுதான் நல்ல வழி. இதன் போலியும் உலவுகிறது. "இந்த லிங்க்கில் கட்டுங்கள், பணம் பாதுகாப்பாக இருக்கும்" என்று அசல் தளத்தைப் போலவே ஒரு பக்கத்தை அனுப்புவார்கள். அனுப்பிய லிங்க்கைத் தொடாதீர்கள். தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், அந்த ஆர்டர் உங்கள் கணக்கில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத தளம் என்றால், இணைய முகவரிகளின் பதிவு விவரம் காட்டும் ஹூஇஸ் (Whois) தேடலில் அதன் பதிவு தேதி கிடைக்கும். பல வருடமாக நடப்பதாகச் சொல்லும் நிறுவனத்தின் முகவரி போன மாதம்தான் பதிவாகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. தளத்தின் சாட்டை விட்டு வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வதும் பெரும்பாலும் இதற்கான முன்னேற்பாடுதான். தளத்துக்கு வெளியே நடந்த பேச்சுக்கும் பணத்துக்கும் தளம் பொறுப்பேற்காது.

இன்னொன்று: "அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்." பணம் உங்களுக்கு வர வேண்டுமென்றால், பின் நம்பரோ ஓடிபியோ தேவையே இல்லை. கேட்டால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது.

பொருள் உண்மையில் இருக்கிறதா?

முதலில் படங்களை, அதே படம் வேறெங்கும் இருக்கிறதா என்று தேடித் தரும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் (TinEye) போட்டுத் தேடுங்கள். திருடிய படத்தை இடம் வலம் மாற்றிப் போடுவதுண்டு. ஆகவே படத்தைத் திருப்பியும், பின்னணியை வெட்டியும் இன்னொரு முறை தேடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்பது படம் அசல் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

தேதி எழுதிய காகிதத்தைப் பொருளின் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லும் பழைய வழியை இப்போது நம்ப முடியாது. படத்தில் காகிதத்தைச் சேர்ப்பது நிமிட வேலை. நேரலை வீடியோ கால்தான் வேண்டும், அதிலும் முன்கூட்டிச் சொல்லாததைச் செய்யச் சொல்ல வேண்டும். போன் என்றால் *#06# அழுத்தச் சொல்லுங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் (போனின் அடையாள எண்), செட்டிங்ஸில் உள்ள எண்ணும், பெட்டியில் அச்சான எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் வரும், குழம்ப வேண்டாம். கடைசி இலக்கம் முந்தைய 14 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் மனம்போனபடி எழுதிய எண் பெரும்பாலும் சோதனைத் தளங்களில் செல்லாது என்று காட்டிவிடும். ஆனால் செல்லும் எண்ணை வேறொருவர் விளம்பரத்திலிருந்தும் எடுத்திருக்கலாம். எண்ணை எழுதி அனுப்பினால் போதாது, திரையில் பார்க்க வேண்டும். ஐபோன் என்றால் விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை அந்தக் கணக்கோடு பூட்டி வைக்கும் ஆக்டிவேஷன் லாக் நீங்கியதை நேரில் பார்த்த பிறகே மீதிப் பணம்.

கார் என்றால் எழுத்தும் எண்ணும் கலந்து 17 இடங்கள் கொண்ட வின் நம்பரை (VIN, வண்டியின் அடையாள எண்) பாருங்கள். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது, ஒன்றுடனும் சுழியத்துடனும் குழம்பும் என்பதால். வண்டியில் பொறித்ததும் ஆவணத்தில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், பொருள் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. அதை உங்களுக்கு அனுப்புவார் என்பது உறுதியாகவில்லை. வீடியோ கால் பார்த்துவிட்டோம் என்ற தெம்பில் திரும்ப இழுக்க முடியாத வழியில் பணம் அனுப்புவது, கவனமாக இருப்பவர்களே விழும் இடம்.

அடையாள அட்டையின் படத்தை அனுப்பி நம்பிக்கை ஊட்டுவதும் வழக்கம். அது முன்பு ஏமாந்த ஒருவருடையதாக இருக்கலாம். நீங்கள் பதிலுக்கு உங்களுடையதை அனுப்பினால் அடுத்தவரை ஏமாற்ற அது பயன்படும். பழைய கணக்கு, நல்ல மதிப்பீடுகள் என்பதும் முழு ஆதாரமில்லை, கணக்கே களவு போயிருக்கலாம். பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் விற்பவர் பெயராக இல்லாமல், "தம்பி கணக்கு, மனைவி கணக்கு" என்று விளக்கம் வந்தால் அனுப்பாதீர்கள்.

முன்பணம் நியாயமாக இருக்கும்போது

நேர்மையான விற்பவருக்கும் தொல்லை உண்டு. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களால் நொந்துபோய் டோக்கன் கேட்பார். பெரிய சோபாவை எடுக்க வண்டி ஏற்பாடு செய்யும் வரை பிடித்து வைக்கக் கேட்பதும் நியாயமே. அப்போது நேரில் போய்ப் பார்த்து, அங்கேயே கொடுங்கள். கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியது: எந்தப் பொருள் (சீரியல் எண்ணோடு), மொத்த விலை, கொடுத்த முன்பணம், எந்தத் தேதி வரை பிடித்து வைப்பார், பொருள் சொன்னபடி இல்லாவிட்டால் முன்பணம் முழுதும் திரும்புமா. தளத்தின் சாட்டிலேயே இரண்டு வரி போட்டு, அவர் "சரி" என்று பதில் தந்தால் போதும்.

நேரில் போகும் வரை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இன்றே வருகிறேன், பார்த்ததும் முழுப் பணமும் அங்கேயே தருகிறேன்." உண்மையான விற்பவருக்கு டோக்கனை விட இது லாபம். "சரி, ஆனால் அதற்குள் வேறு யாராவது வந்தால் கொடுத்துவிடுவேன்" என்று அவர் சொன்னால் அது நேர்மையான பதில். பொருள் கைவிட்டுப் போகலாம், போகட்டும்.

பணம் போய்விட்டால்

முதல் மணி நேரம் முக்கியம். கார்டின் பின்புறமோ வங்கிச் செயலியிலோ உள்ள எண்ணுக்கே அழையுங்கள். தேடுபொறியில் கிடைக்கும் எண் போலியாக இருக்கலாம். பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணைக் கொடுத்து, எதிர் வங்கியில் அந்தத் தொகையை முடக்கக் கேளுங்கள். கார்டு என்றால் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள்.

விளம்பரம், சாட், கணக்கு எண் எல்லாவற்றையும் விளம்பரம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை மாற்றிக்கொள்வார்கள், ஆகவே அவருடைய புரொஃபைல் லிங்க்கையும் சேமியுங்கள். இதற்கெல்லாம் முன்பே அவரைத் திட்டி எழுதினால் அவர் சாட்டையும் கணக்கையும் அழித்துவிடுவார். பிறகு தளத்திலும் காவல்துறையிலும் புகார், தொகை சிறியதாக இருந்தாலும். அதே கணக்கு எண்ணில் இன்னும் பலர் ஏமாந்திருப்பார்கள். புகார்கள் சேரச் சேர அந்தக் கணக்கு முடங்கும் வாய்ப்பும் கூடும்.

சில நாளில் இன்னொருவர் வரக்கூடும்: "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், செயல்முறைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்." அவரும் பொருள் இல்லாமல் அட்வான்ஸ் கேட்பவர்தான். அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.